ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு எந்த வீடியோ டோர்பெல் வாங்கலாம்?

அப்பாவும் அம்மாவும் ஊரில் தனி வீட்டில் இருக்கிறார்கள், நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன், கேட்டில் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரிய எந்த ஸ்மார்ட் டோர்பெல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் நிலைமையும் இதேதான். அம்மா மதுரையில், நான் சென்னையில். மூன்று வருடத்தில் இரண்டு பெல் வாங்கினோம். முதலாவதைக் கழற்றிவிட்டோம், இரண்டாவது இன்றும் கேட் தூணில் இருக்கிறது. பிராண்டுக்குப் போவதற்கு முன் இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் பெல்லை என் செல்போனில் படம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை மட்டும் பார்த்து வாங்கினேன். வெளியே பட்டனை அழுத்தினால் என் போனுக்கும் அம்மா போனுக்கும் தகவல் வரும். வீட்டுக்குள் சத்தம் போட எதுவும் கிடையாது. அம்மா போனை ஹால் மேஜையில் வைத்துவிட்டுப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சர்க்கரை மாத்திரை பார்சல் வந்தது. கூரியர் தம்பி மூன்று தடவை அழுத்தியிருக்கிறார். எனக்குத் தகவல் வரவே பத்து நொடி ஆனது. ஆப்பைத் திறந்து, வட்டம் சுற்றிச் சுற்றிப் படம் வந்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது. 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதிப் பார்சலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். அம்மா உள்ளேதான் இருந்தார். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது சைம். வீட்டுக்குள் பிளக்கில் சொருகி வைக்கும் ஒலிப்பெட்டி அது. சில மாடலில் கூடவே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். நெட் போய்விட்டாலும் சைம் அடிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். சில வகைகளில் பெல்லும் சைமும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். சிலவற்றில் எல்லாமே கம்பெனியின் சர்வர் வழியாகப் போய்த்தான் வரும். முதல் வகைதான் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சரி. அப்புறம், பழைய காலிங் பெல் சுவிட்சைக் கழற்றாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அடுத்தது வைஃபை. ஊர்ப்பக்கத் தனி வீடுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான். ரவுட்டர் ஹாலில் இருக்கும், நடுவில் செங்கல் சுவர், கிரில், அதற்கப்புறம் இரும்புத் தகடு அடித்த கேட். வாங்குவதற்கு முன்னால் கேட்டைச் சாத்திவிட்டு, பெல் மாட்டப் போகிற இடத்தில் நின்று, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் யாருக்காவது ஐந்து நிமிடம் வீடியோ கால் செய்து பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பெல்லும் அப்படித்தான் வேலை செய்யும். பெரும்பாலான டோர்பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும், அதனால் சோதிக்கும்போதும் அதிலேயே சோதியுங்கள். நாங்கள் வராந்தா ஜன்னலருகே இன்னொரு சிறிய ரவுட்டர் வைத்தபின்தான் சரியானது. பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகிற நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, சைம் மூன்றும் இன்வெர்ட்டர் பாயிண்டில் இருக்க வேண்டும்.

ஒயர் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம். வெளிநாட்டு 'ஒயர்டு' மாடல்கள் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட்டுக்குச் செய்தவை. அங்கே காலிங் பெல்லுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் இருக்கும். நம் வீட்டுக் காலிங் பெல் சுவிட்சுக்கு வருவதோ நேரடி 230 வோல்ட். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பழைய சுவிட்ச் ஒயரை அப்படியே புதிய பெல்லில் கொடுக்கத்தான் கையை நீட்டினார். டெஸ்டரை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பெட்டியில் எழுதியிருந்த வோல்ட்டைக் காட்டினேன். கையில் இருந்த ஸ்க்ரூவைக் கீழே வைத்துவிட்டு மெயினை அணைக்கப் போனார். சரியான டிரான்ஸ்பார்மரோ அடாப்டரோ இல்லாமல் யாரையும் இணைக்க விடாதீர்கள். ஒயர் வேலையே வேண்டாமென்றால் பேட்டரி மாடல். ஆனால் தெருவைப் பார்த்த கேட்டில் பைக்கும் ஆளும் போகப் போக அது விழித்துக்கொண்டே இருக்கும். பல மாதம் வரும் என்று போட்டிருந்த பேட்டரி எங்களுக்கு ஐந்து வாரம்தான் வந்தது. அதைக் கழற்றிச் சார்ஜ் போட ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வெயிலைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. பேட்டரி மாடல்கள் பலவும் ஆள் வருவதை உடம்புச் சூட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். சுற்றிலும் இருக்கும் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் அந்த சென்சாருக்குத் தெரியும். சித்திரை மதியத்தில் மதுரையில் அந்த வித்தியாசமே இருக்காது, ஆள் கிட்டத்தில் வந்தாலும் சும்மா இருக்கும். மேற்குப் பார்த்த வாசலென்றால் சாயங்கால வெயில் எதிரே அடித்து, வந்தவர் முகம் கறுப்பாகத் தெரியும். தூணின் உள்பக்கம், சன்ஷேடு நிழல் விழும் இடமாகப் பார்த்து, தரையிலிருந்து நாலடி உயரத்தில் மாட்டுங்கள். படம் அகலமாக இருப்பதைவிட உயரமாக இருப்பது நல்லது. கீழே வைத்த பார்சலும் தெரியும், வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் தெரியும்.

வீடியோ சேமிக்க மாதச் சந்தா கேட்கும் மாடலைவிட மெமரி கார்டு போடுகிற மாடலே எனக்குப் பிடித்தது. சந்தா வேண்டாமென்றால் எதெல்லாம் நின்றுபோகும் என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். வேறெதற்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டை வையுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களை ஊழியர்கள் பார்க்கும்படி விட்டுவைத்திருந்தது என்று டோர்பெல் விற்கும் ரிங் நிறுவனத்தின் மேல் 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு முடித்தார்கள். பெரிய பெயர் என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது.

எதிர் வீட்டையும் மறக்காதீர்கள். எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு பாட்டி தினமும் மாலை படியில் உட்கார்ந்து பூக் கட்டுவார். அவர் படி படத்தில் வராதபடி அந்தப் பகுதியை ஆப்பில் மறைத்துவிட்டு, அவரிடமே காட்டினோம். ஒலிப்பதிவையும் குறைத்து வையுங்கள். 2021இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம், பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சுவரை பதிவுசெய்த டோர்பெல் விஷயத்தில் பாதிக்கப்பட்டவர் பக்கம்தான் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் இருப்பவருக்கும் இது பொருந்தும். "ஏன்ப்பா, நான் கோலம் போடறதைக்கூட அங்கேயிருந்து பாக்கணுமா?" என்று அம்மா கேட்டார். காலை ஐந்து முதல் ஏழுவரை நடமாட்டத் தகவல் எனக்கு வராதபடி அன்றே மாற்றினேன். பட்டனை அழுத்தினால் மட்டும் வரும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெற்றோருக்கு ஆப் பழக்கமே இல்லையென்றால் ஸ்மார்ட் டோர்பெல்லை விட்டுவிட்டு, உள்ளே ஏழு அங்குலத் திரை வைக்கும் ஒயர் வகை வீடியோ டோர் போனைப் பாருங்கள். கேட்டிலிருந்து உள்ளே ஒரு கேபிள் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நெட் தேவையில்லை. பெல் அடித்ததும் திரையில் முகம் வரும், ஒரு பட்டனை அழுத்திப் பேசலாம். கதவுக் காமிராவுக்கு 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் நியூயார்க்கில் ஒரு நர்ஸ். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்ததால், படுக்கையறையில் இருந்தபடியே வாசலைப் பார்க்கத் திரை வைத்தார். வீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் பொருத்திய அன்றே ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டு நாள் இருந்து, பால்காரர் வரும்போதும் கூரியர் வரும்போதும் அப்பா அம்மாவையே எடுத்துப் பேசச் சொல்லுங்கள். உங்கள் வாசல் எந்தத் திசை, ரவுட்டருக்கும் கேட்டுக்கும் எத்தனை அடி என்று கீழே எழுதினால், எந்த வகை சரிவரும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.