42 சதவீதமும் அரைப்பேரும்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிப் பக்கம் எங்கள் லைனில் முக்கால்வாசி வீடு சிலோனிலிருந்து வந்த குடும்பம். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அநுர ஜெயித்ததிலிருந்து டீக்கடையில் இதே பேச்சுதான். 42 சதவீதம் வாங்கியவர் எப்படி ஜனாதிபதி, ரெண்டாவது தடவை எண்ணினதில் ஏதோ நடந்திருக்கிறது என்கிறார் ஒரு பெரியவர். கடனெல்லாம் சீனாவால் வந்தது என்கிறார் இன்னொருவர். சிவப்புக் கட்சிக்காரரான அநுர எதற்காக ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சொன்னபடி நடக்கிறார் என்பது எனக்கும் புரியவில்லை. இலங்கை அட்டனில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் எல்லோரும் இரண்டாவதாக வந்த சஜித்துக்குப் போட்டவர்கள். தோற்றவருக்குப் போட்டுவிட்டோமே, இனி மலையகத்தை யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படுகிறார்கள். அவர்கள் போட்டது தப்பா?

கோத்தகிரி வாசகர்

அன்புள்ள தம்பி,

2025 பிப்ரவரியில் அநுர அரசு போட்ட முதல் பட்ஜெட்டைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. கோபம் உங்கள் மேல்தான். கையில் போனை வைத்துக்கொண்டு அங்கே எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒரு பத்து நிமிஷம் தேடிப் படிக்காமல், 42 என்ற எண்ணோடு நின்றுவிட்டீர்களே!

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பம் எழுதலாம். ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X) போட்டாலும் செல்லும். முதல் சுற்றில் யாரும் செல்லுபடியான வாக்கில் பாதியைத் தாண்டவில்லை என்றால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து விலகுவார்கள். அவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, 2 என்ற எண் அந்த இருவரில் ஒருவருக்கு எதிரே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் 3 எங்கே என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு ஓரமாகப் போய்விடும்.

2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915 வாக்கு. சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. ரணில் விக்ரமசிங்கவும் மற்றவர்களும் சேர்ந்து சுமார் 33 லட்சம். அந்த 33 லட்சம் சீட்டில் இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தது வெறும் 2,73,131. அதில் சஜித்துக்கு 1,67,867, அநுரவுக்கு 1,05,264. விருப்ப வாக்கில் சஜித்தான் முந்தினார். ஆனால் முதல் சுற்றின் இடைவெளி 12.7 லட்சம். 33 லட்சம் பேரும் முறையாக 2, 3 எழுதி, இதே விகிதத்தில் பிரிந்திருந்தாலும் சஜித்துக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது ஏழரை லட்சம்தான். பெரியவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுங்கள். 1969இல் நம் ஊரில் வி.வி.கிரி குடியரசுத் தலைவர் ஆனதும் இரண்டாம் விருப்ப வாக்கில்தான் என்று சொன்னால் அவருக்கு உடனே பிடிபடும். நம் சட்டமன்றத் தேர்தலாக இருந்தால் 42 சதவீதத்துக்கு இரண்டாவது எண்ணிக்கையே வந்திருக்காது.

சீனா விஷயம் பாதிப் பேச்சு. சந்தையில் கடன் பத்திரம் விற்று, கூடுதல் வட்டிக்கு வாங்கிய டாலர் கடன் அதைவிடப் பெரியது. அதை விடுங்கள்.

ஐ.எம்.எஃப். கேள்விக்கு வருகிறேன். இதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள்.

2019 டிசம்பரில், கோத்தாபய ராஜபக்ச பதவிக்கு வந்த கையோடு, வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வருஷத்துக்கு 1.2 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்தால் வாட் கட்ட வேண்டும் என்றிருந்த வரம்பை 30 கோடிக்கு ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான வியாபாரிகள் ஒரே வீச்சில் பதிவேட்டிலிருந்து வெளியே போனார்கள். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும், திரும்பக் கட்டிக்கொண்டு வர வருஷக்கணக்காகும். அரசின் வருமானம் நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. வெளியே யாரும் கடன் தரவில்லை. உள்ளே ரூபாயை அச்சடித்தார்கள். டாலர் வற்றியது.

டாலர் வற்றியபோதுதான் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். இயற்கை விவசாயம் என்று பெயர் சொன்னார்கள். நீங்கள் தேயிலைக்காட்டுப் பிள்ளை, உங்களுக்கு இது புரியும். ஒவ்வொரு முறை கொழுந்து கிள்ளும்போதும் செடியிலிருந்து நைட்ரஜன் போகிறது. காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு நாலு பங்கு அதுதான். திரும்ப மண்ணுக்குக் கொடுக்காவிட்டால் மொட்டு விரியாமல் குறுகி நிற்கும், அடுத்த சுற்றுக்கு இலை இருக்காது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் உள்ள தொழு உரத்தில் அதே அளவு வேண்டுமென்றால் 2 டன் மலையேற்ற வேண்டும். ஒரு மூட்டைக்கு 2 டன்! அத்தனை எரு எங்கிருந்து வரும், யார் முதுகில் ஏறும்? சில மாதத்தில் தடையை விலக்கினார்கள், ஆனால் உரத்தின் விலை அதற்குள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் 29.9 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை 2022இல் 25.1 கோடியானது.

இலை குறைந்தால் என்ன ஆகும் என்று சித்தப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டம் கேட்கும் கிலோ வரவில்லை என்றால் அன்றைக்கு அரைப்பேர். முழு நாள் மலையில் நின்றவருக்குப் பாதிச் சம்பளம். கொழும்பில் வரியைக் குறைத்துப் போட்ட ஒரு கையெழுத்து இரண்டே வருஷத்தில் அட்டன் மலையில் அரைப்பேராக வந்து விழுந்தது.

2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. அதன் முக்கிய நிபந்தனை ஒன்று. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2025 முதல் அரசின் வரவு, அதன் செலவைவிட நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சமாக இருக்க வேண்டும். தண்டல்காரரிடம் கடன் வாங்கிய வீட்டில், சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் போக இவ்வளவு மீதம் காட்டு என்று சொல்வது மாதிரி. கடன் பத்திரம் வாங்கிய வெளிநாட்டுக்காரர்களோடு, கடனை மாற்றியமைக்கக் கொள்கையளவில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது 2024 செப்டம்பர் 19, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. அதைக் கிழித்திருந்தால் எரிபொருள் வரிசை திரும்பியிருக்கும். அநுர கிழிக்கவில்லை. அது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த 2.3 எங்கிருந்து வரும் என்பதை ஐ.எம்.எஃப். தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அங்கேதான் அநுரவை நெருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானது. பெட்ரோல், சமையல் எரிவாயு எல்லாம் உள்ளே வந்தன. வாட் உள்ள சாமான் 1,180 ரூபாய்க்கு வாங்கினால் 180 ரூபாய் வரி. 2025இல் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 1,350 ரூபாய்ச் சம்பளம், மாதம் 25 முழுப்பேர் விழுந்தாலே 33,750 தான். அந்த 2025 பட்ஜெட் மாதம் 1,50,000 வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை என்று சலுகை கொடுத்தது. வாட் அப்படியே 18இல் நின்றது. 33,750க்காரர் கடையில் கட்டுவதைக் குறைக்க வழி தேடாமல், மாதச் சம்பளக்காரரின் சுமையை முதலில் இறக்கியிருக்கிறார்கள். சிவப்புக் கட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று, இது எனக்கு ஆறவே இல்லை. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியிடம் (நம் ஊர் பி.எஃப். மாதிரி) இருந்த அரசுக் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு, 2025 வரை 12, பிறகு 9 சதவீதம் என்று குறைந்த வட்டிப் பத்திரமாக மாற்றிக் கொடுத்தார்கள். வங்கிகளிடம் இருந்த ரூபாய்ப் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கி ஏற்கெனவே கூடுதல் வரி கட்டுகிறது, அது சாய்ந்தால் எல்லாம் சாயும் என்றார்கள். இருக்கட்டும். கொழுந்து கிள்ளியவரின் ஓய்வுப் பணம் அதற்குப் பலியாக வேண்டுமா? இதைப் பற்றி உங்கள் டீக்கடையில் ஒருவர்கூடப் பேசவில்லையே, தம்பி. 42ஐப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள்.

சித்தப்பா போட்டது தப்பில்லை. நுவரெலியா மாவட்டமே அன்று சஜித் பக்கம்தான் நின்றது. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டம் அநுரவின் தேசிய மக்கள் சக்தியை முதலிடத்தில் வைத்தது. அந்த மலையக மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் 1948, 1949 சட்டங்கள் பறித்தன. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது, அந்த வழியில்தான் உங்கள் லைன் கோத்தகிரிக்கு வந்தது. அங்கே தங்கியவர்கள் திரும்பப் பெற்ற வாக்கை யாருக்குப் போட்டால் என்ன, அது அவர்களுடையது. கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை போனில் பேசும்போது அநுரவைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த மாதம் எத்தனை முழுப்பேர் விழுந்தது, அரைப்பேர் எத்தனை, தோட்டம் இப்போது எத்தனை கிலோ கேட்கிறது, சேமலாப நிதிக் கணக்கில் தோட்டம் பணம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்