பள்ளியில் வீடியோ தயாரிப்பு கற்பிக்கத் திருமண வேலையை விடலாமா?

கேள்வி: திருச்சியில் திருமண வீடியோ எடுத்து வருகிறேன். வயது 31, பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் படித்திருக்கிறேன். தொழில் செலவு போக மாதம் சராசரியாக 45,000 ரூபாய் நிற்கிறது. மனைவியின் சம்பளம் 14,000. வாடகை உட்பட வீட்டுச் செலவு 42,000, சேமிப்பு 1,80,000 ரூபாய். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோ தயாரிப்பு கற்றுத்தருவதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிறேன். ஒரு சிபிஎஸ்இ பள்ளி ஆண்டில் 10 மாதங்களுக்கு, மாதம் 24,000 ரூபாய் ஊதியத்தில் முழுநேர வேலை தருவதாகச் சொல்கிறது. வேறு இரண்டு பள்ளிகள் பகுதிநேரமாக வந்தால் ஒரு பீரியடுக்கு 800 ரூபாய் தருகின்றன. மனைவியின் நகையை அடகு வைத்து 4 லட்சத்துக்குக் கேமராக்கள் வாங்கவும், பி.எட். சேரவும் யோசிக்கிறேன். சரியா?

பதில்: உங்கள் விருப்பம் நல்ல விருப்பம். கையில் கைப்பேசி இல்லாத மாணவர்கள் இன்று குறைவு. ஒரு காட்சியை எங்கிருந்து பார்க்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லித்தருகிறவர்கள் அதைவிடக் குறைவு. எனவே கற்பிக்க வாருங்கள். ஆனால் திருமண வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், நகையை அடகு வைத்தும் வர வேண்டாம்.

முழுநேர வேலையில் ஆண்டுக்குக் கிடைப்பது 2,40,000 ரூபாய். பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 20,000. மனைவியின் சம்பளத்தைச் சேர்த்தாலும் 34,000தான். மாதந்தோறும் 8,000 ரூபாய் துண்டு விழும். நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் இன்னும் 4,000 சேர்ந்து, பள்ளம் 12,000 ஆகிவிடும். உங்கள் சேமிப்பு 15 மாதங்களில் கரைந்துவிடும்.

பகுதிநேர வாய்ப்பை நீங்கள் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் திருமணத் தொழிலின் நாள்காட்டியும் பள்ளியின் நாள்காட்டியும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் திருமணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் பள்ளி நடக்கிறது. மே மாதத்தில் பள்ளிப் பணம் நின்றுபோகும்போது சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வந்துவிடுகின்றன. மோதல் வருவது ஆவணி, தை போன்ற மாதங்களில்தான். அதற்கும் வழி உண்டு: செவ்வாய்க்கிழமையிலும் சனிக்கிழமையிலும் பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பள்ளியில் செவ்வாய்க்கிழமையையும், மற்றொன்று சனிக்கிழமை இயங்கும் பள்ளியாக இருந்தால் அதில் சனிக்கிழமையையும் கேட்டு வாங்குங்கள். மாலை வரவேற்பு இருந்தாலும் அதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

கட்டணத்தைப் பேசும் முன் ஒரு வகுப்புக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு கைப்பேசி என எட்டுக் குழுக்கள். ஸ்டோரிபோர்டை, அதாவது எடுக்கப்போகும் காட்சிகளைக் கட்டம் கட்டமாக, தாளில் வரைவதிலேயே முதல் அரை மணி நேரம் போகும். பிறகு குடிநீர்க் குழாயடியில் ஒரு மாணவி பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதை லாங், மிட், க்ளோஸப் என மூன்று ஷாட்களாக எடுப்பார்கள். அதற்குள் இரண்டு குழுக்கள் கைப்பேசியைக் கிடையாகப் பிடிக்காமல் குத்தாகப் பிடித்து எடுத்திருக்கும்; அவர்கள் மறுபடி எடுக்க வேண்டும். மணி அடித்தபின் எட்டுக் கைப்பேசிகளிலிருந்தும் ஃபைல்களை மடிக்கணினிக்கு மாற்றி, குழுவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்தால்தான் அடுத்த வாரம் எடிட்டிங் நடக்கும். நாற்பது நிமிட பீரியடில் இது நடக்கவே நடக்காது. இரண்டு பீரியடுகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பயணம், தயாரிப்பு, ஃபைல் வேலை எல்லாம் சேர்த்தால் அது மூன்று மணி நேர உழைப்பு. ஆகவே பீரியடுக்கு 1,000 ரூபாய் கேளுங்கள். வாரம் எட்டு பீரியடுகள், தேர்வும் விடுமுறையும் போக ஆண்டுக்கு 30 வாரங்கள் என்று கொண்டால் 2,40,000 ரூபாய், அதாவது முழுநேர வேலை தரும் அதே தொகை. 800 ரூபாய்க்கே இசைந்தாலும் 1,92,000 வரும். திருமண வருமானத்தில் கால் பங்கு குறைவதாக வைத்தாலும் 4,05,000 நிற்கும். இரண்டும் சேர்ந்தால் இன்றைய 5,40,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறீர்கள்.

இந்த வகுப்புக்கு விலையுயர்ந்த கேமரா எதுவும் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். எட்டு எளிய ட்ரைபாட்களும் எட்டு காலர் மைக்குகளும் 20,000 ரூபாய்க்குள் அடங்கும். அதையும் பள்ளியே வாங்கட்டும். எடிட்டிங்குக்குப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள் போதும். நகை மதிப்பு ஏறக்கூடியது. கேமராவின் மதிப்போ வாங்கிய நாளிலிருந்து இறங்குவது. ஒன்றை வைத்து மற்றொன்றை வாங்குவதற்கு இங்கே காரணமே இல்லை.

பள்ளியிடம் நீங்கள் அவசியம் கேட்க வேண்டியது, இந்த வகுப்பு எந்தக் கணக்கில் நடக்கிறது என்பது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மல்டிமீடியாவும், 11, 12ஆம் வகுப்புகளுக்கு ஊடகக் கல்வியும் மதிப்பெண் உள்ள திறன் பாடங்களாக இருக்கின்றன. அப்படி ஒரு பாடமாக நடத்தினால் தொடர்ச்சி இருக்கும். வெறும் கிளப் வகுப்பு என்றால், செலவைக் குறைக்க நினைக்கும் ஆண்டில் முதலில் நிற்பது அதுதான். தேர்வுக்காகவோ மழை விடுமுறைக்காகவோ ரத்தாகும் வகுப்புக்குப் பாதிக் கட்டணம், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் பணம், பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பள்ளியே பெற்றுத்தருதல் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளிகளில் வீடியோ தயாரிப்புக்கென்று நிரந்தர ஆசிரியர் பணியிடம் இல்லாதபோது அந்தச் செலவு உங்களுக்கு எதைத் தரும்? பகுதிநேரமாகச் சேர்ந்தால் பிறகு நிரந்தரமாகும் என்று எண்ணவும் வேண்டாம். 2012இல் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்கு அரசுப் பள்ளிகளில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. படிக்கத்தான் வேண்டும் என்றால் தொடர்பியலில் முதுகலைப் பட்டமும் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வும் மேல்; கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அவை வழி திறக்கும்.

வரியைப் பொறுத்தவரை, ஒரு பள்ளி ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் தந்தால் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது பணம் தரும்போதே வரியாக, பிடிக்கக்கூடும். இரண்டு பள்ளிகளிலுமாக 24,000 வரை போகும். புதிய வரி முறையில் உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்பதால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

சேமிப்பு 1,80,000 நான்கு மாதச் செலவுக்குச் சற்றுக் கூடுதல்; அதைத் தொடாதீர்கள். முகூர்த்த மாதங்களில் மிஞ்சும் பணத்தில் முதலில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாமே எடுக்கும் இத்தகைய காப்பீட்டின் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அடுத்தது பிபிஎஃப் என்னும் அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்: ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000, மாதத் தவணைக் கட்டாயம் இல்லாததால் உங்களைப் போன்ற சீசன் வருமானக்காரருக்கு ஏற்றது.

இரண்டு கல்வியாண்டுகள் இப்படி நடத்திய பிறகு, பன்னிரண்டு மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு பள்ளி எழுத்துப்பூர்வமாகத் தந்தால், அப்போது முழுநேர வேலைக்குச் சம்மதம் சொல்லுங்கள். பள்ளிகள் ஜூனில் திறப்பதற்கு முன்பே, ஏப்ரலில் கால அட்டவணை தயாராகும் நேரத்தில், அந்த இரண்டு பள்ளிகளின் முதல்வர்களையும் சந்தித்துச் செவ்வாய், சனி வகுப்புகளைப் பேசி முடித்துவிடுங்கள்.