பழைய பிராஜெக்டிலிருந்து செட்டிங்ஸ் காப்பி அடிப்பதை எப்படி நிறுத்துவது?

வணக்கங்க. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான ஒவ்வொரு பில்லிங் பிராஜெக்டிலும் லின்ட் (கோடில் தவறு பார்ப்பது), டாக்கர் (ப்ரோக்ராமைத் தனிப் பெட்டி போல அடைத்து ஓட்டுவது) செட்டிங்ஸ் ஃபைல்களைப் பழையதிலிருந்து எடுத்துப் போடும்போது, முந்தைய கம்பெனியின் டேட்டாபேஸ் பெயரும் கூடவே வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஈரோட்டில் நானும் இதே பிழையைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

கிட்ஹப் தளத்தில் மாதிரி பிராஜெக்டாக வைக்கும் டெம்ப்ளேட் ரெப்போ இதற்குப் போதாதுங்க, ஒருமுறை நகலெடுப்பதோடு சரி. பைதானில் எழுதிய காப்பியர் (Copier) என்ற கருவியைப் பாருங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து புது பிராஜெக்டை உருவாக்கும்போது, கம்பெனி பெயர், போர்ட் எண் என்று கேட்டுக் கேட்டு ஃபைல்களில் நிரப்பும். அந்தப் பதில்களைச் சேமிக்கும் யாம்ல் (செட்டிங்ஸ் எழுதும் எளிய வடிவம்) ஃபைலுக்கான மாதிரியை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் டெம்ப்ளேட்டைத் திருத்தி, கிட் டேக் (பதிப்பு அடையாளம்) போட்டு, காப்பியர் மூலம் முன்பு உருவாக்கிய பிராஜெக்டுக்குள் போய் ‘காப்பியர் அப்டேட்’ கொடுத்தால் மாற்றம் அங்கேயும் வந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் டெம்ப்ளேட்டில் எழுதவே எழுதாதீங்க.