லூபஸும் சிறுநீரகமும்: நீங்கள் கேட்டவை, நான் அறிந்தவை

சேலத்தில் சிறுநீரகப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய். அது உள்ளவர்களும் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மகளுக்கு 19 வயது. கால் வீக்கம் இல்லை, வலி இல்லை. ஆனாலும் கிட்னியில் ஊசி போட்டு சதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா? (ஒரு தாய், அம்மாபேட்டை)

அவசியம்தான் அம்மா. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலியே தெரியாது. வீக்கம் வருமுன்பே சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கிவிடும். நாளுக்கு அரை கிராமுக்கு மேல் போனால் பயாப்ஸி, அதாவது இந்தச் சதைப் பரிசோதனை, செய்வது வழக்கம். பாதிப்பை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் கடுமையான மருந்து தேவைப்படாது. மூன்றும் நான்கும் வேகமாகக் கெடுக்கக்கூடியவை. ஐந்தில் புரதம் நிறையப் போகும். ஆறு, முழுக்கத் தழும்பாகிப் போன நிலை. எந்த வகை என்பதை ரத்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கம் நூல் போன்ற ஒரு துணுக்கை எடுப்பார்கள். அதன்பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் உடனே சொல்லுங்கள்.

மனைவிக்கு நான்காம் வகை. ஆறு மாதத்தில் யூரின் ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது. மாத்திரை வாங்கியே கடனாகிறது. நிறுத்தலாமா? (ஓமலூர்)

நிறுத்த வேண்டாம் தம்பி. இந்தக் கட்டத்தில் மாத்திரையை விட்டவர்கள் மறுபடி வார்டுக்கு வந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஸ்டீராய்டோடு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மைக்கோபீனோலேட் அல்லது சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து நோயை அடக்குவார்கள். சைக்ளோபாஸ்பமைடை இப்போது பலருக்கும் 500 மில்லிகிராம் வீதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை ஏற்றுகிறார்கள். அப்புறம் மைக்கோபீனோலேட் அல்லது அதே வகை மருந்தான அசதயோப்ரின் தொடரும். மொத்தம் மூன்று வருடமாவது வேண்டும். சிறுநீர் சுத்தமாக இருக்கும்போதே உள்ளே அழற்சி மிச்சமிருக்கலாம் என்பதை மறுபயாப்ஸிகள் காட்டியிருக்கின்றன. நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சிறுநீரகத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகள் கொஞ்சம் தழும்பாகும். அவை மறுபடி முளைக்காது. ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு வருட முடிவில் புரதம் நாளுக்கு 0.7 கிராமுக்குக் கீழே வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் சிறுநீரகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உங்கள் மனைவி அந்தப் பாதையில்தான் போகிறார். பணம் முடியவில்லை என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அசதயோப்ரின் விலை குறைவு. அது ஒத்துவருமா என்று அவர் பார்ப்பார். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் கேளுங்கள். லூபஸுக்கு அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நீங்களாக நிறுத்தவே கூடாது. கண் பரிசோதனை மட்டும் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

எஸ்டேட்டில் வேலை. இங்கே குளிர்தானே, வெயிலுக்குப் பயப்பட வேண்டுமா? (ஏற்காடு)

வேண்டும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். மேகமும் அதை முழுதாகத் தடுக்காது. அது தோலில் பட்டால் லூபஸ் கிளம்பலாம், சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கலாம். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன் போடுங்கள். நடுப்பகல் வேலையை நிழலுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா? (கொண்டலாம்பட்டி)

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவை கூடவே கூடாது. பாரசிட்டமால் போதும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணம், பஸ்பமும் வேண்டாம்.

கல்யாணமாகி இரண்டு வருடம். மைக்கோபீனோலேட் சாப்பிடுகிறேன். குழந்தை பெற முடியுமா அக்கா? (அஸ்தம்பட்டி)

முடியும் கண்ணு, திட்டமிட்டால். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். மைக்கோபீனோலேட் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். கருத்தரிக்க ஆறு வாரமாவது முன்பே நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாற்றுவார்கள். ரத்த அழுத்த மாத்திரை சிலவற்றையும் மாற்ற வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை நீங்களாக எடுக்காதீர்கள். குழந்தை இல்லையா என்று வீட்டில் நெருக்கினால், இதைப் படிக்கக் கொடுங்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. இனி அவ்வளவுதானா? (ஆத்தூர்)

இல்லை. 1950களில் லூபஸ் வந்தவர்களில் பாதிப் பேர்தான் நான்கு வருடம் தாண்டினார்கள். இன்று சிறுநீரகம் பாதித்தவர்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேருக்குத்தான் அது முழுதாகச் செயலிழக்கிறது. அவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம். புதிய சிறுநீரகத்தில் லூபஸ் திரும்பி, அதைக் கெடுப்பது அரிது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பலருக்கு நோயே சற்று அடங்கும். அரசு மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரிலும் கேட்டுப் பாருங்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் பதிவு செய்வது பற்றி இந்த மாதமே பேசுங்கள். நன்கொடை தரக்கூடிய உறவினருக்கும் முன்கூட்டியே பரிசோதனை செய்துவிடுங்கள்.