போரை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

கேள்வி: தேவகோட்டைக்குக் கிழக்கே, கடலோரத் தொண்டிக்குப் போகும் பக்கம் 3 ஏக்கர் மணற்பாங்கான நிலம் இருக்கிறது. 180 அடி போரில் தண்ணீர் குறைந்து, வாயில் வைத்தால் கரிக்கிறது. ஸ்பிரிங்ளரில் பாய்ச்சும் நிலக்கடலையில் இலை ஓரம் கருகுகிறது. 500 அடிக்கு இன்னொரு போர் போடலாமா?

பதில்: வேண்டாம். கடன் வாங்கித்தான் போட வேண்டும் என்றால் கண்டிப்பாக வேண்டாம். கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேல்மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் உள்ள கடல்நீர் நாளடைவில் 40 அடி ஏறும் என்பது கணக்கு. ஆழம் போகப் போக உப்புக்குத்தான் பக்கத்தில் போவீர்கள்.

முதலில், மோட்டார் போட்டு அரை மணி நேரத்தில் ஒரு பாட்டில், 4 மணி நேரம் ஓடியபின் ஒரு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துதிறன் பார்க்கச் சொல்லுங்கள்; தண்ணீரில் உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். இரண்டாவதில் எண் கூடியிருந்தால், போர் கீழிருந்து உப்பை இழுக்கிறது. அப்படியானால் மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலை 2 மணி நேரம், மாலை 2 மணி நேரம் என்று பிரித்து ஓட்டுங்கள்.

எண் 3 (dS/m அளவில்) என்று வந்தால் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒவ்வொரு தண்ணீருக்கும் 400 கிலோ, 8 மூட்டை உப்பு வயலில் விழுகிறது! கடலைக்கு 2-ஐத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். பருத்தியும் தென்னையும் இதைவிடத் தாங்கும்.

ஸ்பிரிங்ளரை இன்றே நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்வதாலேயே ஓரம் கருகும். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்பு) இறங்கும் சமயத்தில் மட்டும் காய விடாமல் வேரில் பாய்ச்சுங்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் அதற்கான சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. நம் செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டில் விழும் மழையை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்களே, அதை வயலில் செய்ய வேண்டும். வரப்பை உயர்த்தி மழையை வயலிலேயே நிறுத்துங்கள், மேலே தங்கிய உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கும். போருக்கு அருகே 100 அடி நீளம், 50 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். தார்ப்பாய் விரிக்க வேண்டாம். ஊறி இறங்கும் தண்ணீர்தான் உப்பைக் கீழே அழுத்தி வைக்கும். கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் மட்டும் மறிபடக் கூடாது. கண்மாய் நிறைந்தால்தான் ஊர்க் கிணறுகளும் உங்கள் போரும் ஊறும்.

மண்ணைச் சீராக்கப் போடும் ஜிப்சத்தை இப்போதே வாங்காதீர்கள். மண்ணில் சோடியம் மிகுதி என்று பரிசோதனை சொன்னால் மட்டுமே அது வேலைக்கு ஆகும். இரண்டு பாட்டில் எண்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பட்டத்துக்கு எந்தப் பயிர் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.