மகாவலி எங்கே பிறக்கிறது? புவியியல் சேரிடம் கேளுங்கள்

நுவரெலியா: சேர், ஹோட்டன் சமவெளிச் சதுப்பிலிருந்து இறங்குவது மகாவலியா, களனியா?

இரண்டும்தான், வளவையும் சேர்த்து. 2,000 மீட்டருக்கு மேலே உள்ள அந்தப் புல்வெளியில் பெய்யும் மழை உடனே ஓடிவிடாது. கரிய மண் பிடித்துவைத்து, மழை விட்ட பிறகும் கசியவிடும். ஓடையோரம் குட்டை மூங்கில் நிற்கும் இடத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். தெற்கே போவது பெலிஹுல் ஓயா, வளவைக்கு. பேக்கர் நீர்வீழ்ச்சி அதில்தான் விழுகிறது. வடக்கே இறங்கும் ஆக்ரா ஓயா அகரப்பத்தனை வழியாக வந்து, நானு ஓயாவும் சேர, கொத்மலை ஓயாவாகிறது.

மஸ்கெலியா: சிவனொளிபாத மலையிலிருந்துதான் மகாவலி வருகிறதாமே?

இல்லை. உங்கள் ஊர்த் தண்ணீர் களனிக்குப் போகிறது.

ஹட்டன்: கொத்மலை ஓயா வெறும் கிளை, சேர். எங்கள் ஹட்டன் ஓயாதான் அசல் மகாவலி.

வாருங்கள் தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்! பெயரைப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. நாவலப்பிட்டியைத் தாண்டி வரும் ஆற்றைத்தான் மகாவலி என்கிறோம். கொத்மலை ஓயா கம்பளைக்கு மேலே வந்து அதில் சேர்கிறது. ஆனால் உயரத்தில் பிறந்தது எது? ஆக்ரா ஓயா. நான் அகரப்பத்தனைக் கட்சி.

ஹட்டன்: அப்படியென்றால் எங்கள் ஊர் மழைக்கு மதிப்பில்லையா?

ஹட்டன் மேட்டில் டிக்கோயாப் பக்கம் சரியும் மழை களனிக்கு, மறுபக்கம் சரிவது மகாவலிக்கு. இரண்டு கங்கைக்கும் படியளக்கிற ஊருக்கு இன்னும் என்ன மதிப்பு வேண்டும்?

தலவாக்கலை: சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்குக் கீழே குளிக்கலாமா?

வேண்டாம். மேலே மேல் கொத்மலை அணை இருக்கிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் மலையில் மழை பெய்து வான்கதவு திறக்கும்.

பொகவந்தலாவை: சிவனொளிபாத மலையில்…

மேலே மஸ்கெலியாக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கண்டி: எங்கள் ஊரைத் தாண்டி எங்கே போகிறது, சேர்?

பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பங்கு சுரங்கத்தில் நுழைந்து உக்குவளைக்குப் போகிறது. அப்புறம் அம்பன் கங்கையோடு சுற்றிவந்து, பொலன்னறுவைப் பக்கம் மறுபடி தாய் ஆற்றில் சேரும். மீதி விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணை அணையாக இறங்கி, மினிப்பேக்குக் கீழே சமவெளியைப் பிடிக்கிறது. கடைசியில் வெருகல் ஆறு கிளை பிரிய, மற்றது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கடல்தரை ஆழமான பள்ளத்தாக்காக இறங்குகிறது. பேராதனையில் குளிக்கலாமா என்று அடுத்துக் கேட்காதீர்கள், அதற்கு மேலேயும் கொத்மலை அணை இருக்கிறது.

கொட்டகலை: மகள் ஸ்கொலர்ஷிப் எழுதுகிறாள். நீளம் மட்டும் சொல்லுங்கள்.

335 கிலோமீட்டர். சிவனொளிபாத மலை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், தங்கச்சி.