கம்ப்யூட்டர் வாங்குமுன் கேளுங்க: கேள்வி பதில்

நாகர்கோவில்ல கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் பாத்துக்கிட்டிருக்கேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரமானா ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டே இருக்கும். அதுல சிலதுக்கு இங்க பதில் சொல்லியிருக்கேன். கேட்டவங்க ஊரை மட்டும் போட்டிருக்கேன்.

மார்த்தாண்டம்: அண்ணே, பையன் பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கான். ஐ7, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோட சேர்த்து 15,000 ரூபாய்னு ஒரு விளம்பரம் பாத்தேன். புது ஐ3-க்கே ரெண்டு மடங்குக்கு மேல கேக்காங்க. ஐ7 தானே பெருசு?

ஐ3, ஐ5, ஐ7ங்கிறது கம்ப்யூட்டரோட மூளையான பிராசஸருக்கு இன்டெல் கம்பெனி வைச்ச வரிசைப் பேரு. ஐ7-க்குப் பின்னால வர்ற நம்பர் என்னன்னு கேளுங்க அக்கா. விளம்பரத்துல அதைப் போட்டிருக்க மாட்டாங்க. ஐ7-2600ன்னா 2011-ல வந்தது, ஐ7-3770ன்னா 2012. 2022-ல வந்த ஐ3-12100 இந்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுரும். டெஸ்க்டாப் பிராசஸர்ல நாலு இலக்கமா இருந்தா முதல் இலக்கம்தான் தலைமுறை, அதாவது எந்தக் காலத்து மாடல்ங்கிறது. 10, 11, 12ன்னு தொடங்கி அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டும். இது தெரிஞ்சாலே பாதி ஏமாத்து நிக்கும்.

இந்த விலைக்கு வர்ற ஐ7 பெரும்பாலும் ஆபீஸ்ல கழிச்ச பழைய பிராசஸர். அதைப் புதுசா வர்ற மலிவு போர்டுல மாட்டி, பளபளன்னு லைட் எரியிற கேபினட்டுல வைச்சுத் தருவாங்க. ஓடாதுன்னு சொல்லல. சி++, பைத்தான் எழுதிப் பழக அதுவே போதும். ஆனா விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவை நிறுத்தியாச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல 8-ஆம் தலைமுறையாவது வேணும். குறுக்கு வழியில ஏத்திக் குடுப்பாங்க, அடுத்த பெரிய அப்டேட்டுல யார் பொறுப்பு?

கையில இருக்கிறது அவ்வளவுதான்னா, ஐ5-8500 மாதிரி பிராசஸர் உள்ள, ஒரே கம்பெனி செஞ்ச பழைய ஆபீஸ் சிஸ்டம் தேடுங்க. பாக்க அழகா இருக்காது, உழைக்கும்.

கடையில வைச்சே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல சிபியு-வைத் தொட்டா முழு நம்பரும் வலது மேல் மூலையில நிக்கும். அதே நம்பர் பில்லுல இருக்கணும். "ஐ7 சிஸ்டம் 1"னு எழுதின பில்லை வாங்கிட்டு வராதீங்க.

கருங்கல்: அண்ணே, கல்யாண வீடியோ எடிட் பண்றேன். கேமராவுல 4கே, 10 பிட் 4:2:2-ல (நிறத்தை நுணுக்கமாப் பதியிற முறை) எடுக்கேன். ஐ5-12400எஃப் போட்டு, மிச்சமாகிற பைசாவைக் கிராபிக்ஸ் கார்டுல போடுன்னு சொல்றாங்க. சரியா?

கேம் விளையாடுறவனுக்குச் சரி தம்பி, உங்களுக்கு இல்ல. நம்பர் கடைசியில எஃப் இருந்தா பிராசஸருக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. ஆனா இன்டெல் 11-ஆம் தலைமுறையில இருந்து அந்த உள் கிராபிக்ஸ்தான் ஹெச்.265-ல (வீடியோவைச் சுருக்கிப் பதியிற ஒரு முறை) எடுத்த 10 பிட் 4:2:2 ஃபைலை ஹார்டுவேர்லயே பிரிச்சுக் குடுக்குது. என்விடியா கார்டுகள்ல இது 2025-ல வந்த 50 வரிசையிலதான் முதல்ல வந்தது. அதுக்கு முந்தின கார்டோட எஃப் பிராசஸரைச் சேர்த்தா, தாலி கட்டுற சீனை இழுத்துப் பாக்கும்போது டைம்லைன் திக்கித் திக்கி நிக்கும். அப்புறம் பிராக்ஸின்னு எடிட் பண்ண லேசான நகல் ஃபைல் உண்டாக்கிக்கிட்டு உக்காரணும். எஃப் இல்லாத 12400 வாங்கினா கொஞ்சந்தான் கூடும், அதை யோசிக்காதீங்க.

இன்னொண்ணு, இந்தப் பலன் கேமராவுல ஹெச்.265-ன்னு வைச்சு எடுத்தாத்தான். ஹெச்.264-ல எடுத்த 10 பிட் 4:2:2-ஐ இந்த உள் கிராபிக்ஸ் தொடாது. மெனுவை ஒருக்க பாத்துக்கிடுங்க.

ராம் 32 ஜிபி. வேலை நடக்கிற ஃபைல் என்விஎம்ஈங்கிற வேகமான வகை எஸ்எஸ்டி-யில, முடிஞ்ச கல்யாணம் ஹார்டு டிஸ்க்ல. அதுக்கும் இன்னொரு காப்பி வேணும். எஸ்எஸ்டி போற அன்னைக்குச் சொல்லிட்டுப் போகாது.

குளச்சல்: சார், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். பழைய சிஸ்டத்துல யுஎஸ்பி போர்ட் எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. புதுசுல என்ன பாக்கணும்?

எதை வாங்கினாலும் அதை வைக்கிற இடந்தான் முக்கியம். உப்புக் காத்து ஈரத்தோட உள்ள போயி செம்புல பச்சை பிடிக்கும், ராம் பட்டையில கறுப்பு படியும். ஆன் பண்ணினா டிஸ்ப்ளே வராம பீப் பீப்னு கத்துறது பல வீட்டுல இதனாலதான். பிளக்கைப் பிடுங்கிட்டு ராமைக் கழட்டி, அந்தத் தங்க நிறப் பல்லை வெள்ளை ரப்பரால மெதுவாத் துடைச்சு மாட்டினா பெரும்பாலும் ஓடிரும்.

அஞ்சாறு ஃபேன் வைச்ச கேபினட் உங்களுக்கு வேண்டாம். ஃபேன் கூடக்கூட உப்பையும் கூட இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்குப் பின்பக்கம் ஒண்ணு போதும். கடல் பாத்த ஜன்னல் பக்கமும் தரையிலயும் வைக்காதீங்க. தினம் கொஞ்ச நேரம் ஓடட்டும், அந்தச் சூட்டுல ஈரம் தங்காது. மாசக்கணக்கா உறை போட்டு மூடி வைக்கிற சிஸ்டம்தான் சீக்கிரம் சர்வீஸுக்கு வருது.

தக்கலை: ரிட்டயர்டு ஆசிரியர் நான். தமிழ்ல டைப் செய்ய, பேரப்பிள்ளைகளோட வீடியோ கால் பேச. என்ன வாங்கலாம்?

ஐ3-12100, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும் சார். மிச்சப் பைசாவை எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெளிவாத் தெரியிற 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர்லயும் நல்ல நாற்காலியிலயும் போடுங்க. வெப்கேம் தனியா வாங்கணும், டெஸ்க்டாப்போட வராது.

நாகர்கோவில்: 16 ஜிபி ராம் ஒண்ணாப் போடணுமா, 8 ரெண்டாவா?

கிராபிக்ஸ் கார்டு இல்லன்னா 8 ரெண்டு. உள் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போடுது, ரெண்டு பட்டை போட்டு ரெண்டு சேனல் (ராமுக்குப் போற வழி) இருந்தா நல்லாவே வேகம் கூடும். 2025 கடைசியில ராம் விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். கை கடிச்சா இப்ப 8 ஒண்ணு போட்டுட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியா விடுங்க.

குலசேகரம்: அண்ணாச்சி, ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடு. இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனா சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகுது. யுபிஎஸ் வாங்கணுமா?

முதல்ல இன்வெர்ட்டரைப் பாருங்க. பல மாடல்ல யுபிஎஸ், ஈகோன்னு ஒரு சுவிட்ச் உண்டு. ஈகோவுல கிடந்தா மாறுறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள சிஸ்டம் அணைஞ்சிரும். யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்க. ஒரு சிக்கல்: வோல்டேஜ் குறைவா வர்ற இடத்துல, சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருந்தா இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குப் போயிரும். அப்படின்னா கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் வைங்க. சேவ் பண்ணி ஆஃப் பண்ணத்தான் அது, வேலை பாக்க இல்ல. கேபினட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்-ஐ (உள்ள இருக்கிற பாகங்களுக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி) நம்பாம, கரண்டை அதிகம் வீணாக்காததுக்குத் தர்ற 80 பிளஸ் முத்திரை உள்ளதா போடச் சொல்லுங்க.

ஐப்பசி இடிக்கு யுபிஎஸ்-ஸும் தாங்காது. பிளக்கைப் பிடுங்குங்க, மோடத்துல இருந்து வர்ற கேபிளையும் சேர்த்து.

திங்கள்நகர்: அண்ணே, தம்பி துபாய்ல இருக்கான். லேப்டாப் அங்க வாங்கி அனுப்பட்டான்னு கேக்கான்.

விலை ஒத்துவந்தா வாங்கட்டும், மூணு விஷயம் பாத்துட்டு. கீபோர்டுல அரபி எழுத்தும் இருக்கலாம், வேண்டாம்னா ஆங்கிலம் மட்டும் உள்ளதாக் கேக்கணும். பிளக்குல தட்டையான கம்பி மூணு இருக்கும், இங்க சேராது, வயரை மட்டும் மாத்தினாப் போதும். வாரண்டிதான் பெரிய விஷயம்: சில மாடலுக்கு அந்த நாட்டுல மட்டுந்தான். பைசா குடுக்குமுன்ன இந்தியாவுல சர்வீஸ் உண்டான்னு மாடலைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கச் சொல்லுங்க. ராம் போர்டோட சேர்த்து ஒட்டினதுன்னா பிறகு கூட்ட முடியாது, அதனால 16 ஜிபி-யாவே எடுக்கட்டும்.